சும்மா ஒரு கால்

ஜூன் 4

எந்தப் பெயரைப் போட்டுத் தொடங்குவது என்று தெரியவில்லை. 'அன்புள்ள' என்று எழுதினால் பொய். கல்லூரியில் உனக்கு வைத்த 'ரப்பர்' என்ற பட்டப்பெயரை எழுதினால் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாய். அதனால் வெறுமனே தொடங்குகிறேன்.

இனிமேல் போன் செய்யாதே. எடுத்தால் முதலில் மன்னிப்புக் கேட்பாய், பிறகு விளக்கம் சொல்வாய், பிறகு நான் கத்துவேன், பிறகு உன் அம்மா போனை வாங்கிப் பேசுவார். சொல்ல வேண்டியது இருந்தால் தாளில் எழுது. எழுதும்போதாவது ஒரு வாக்கியத்தை முடிப்பாய்.

நான் வந்து சேர்ந்துவிட்டேன். சைட்டுக்கு எதிரே மாடியில் ஒரு அறை. கீழே சாவி செய்யும் கடை, நாள் முழுக்க இரும்பை அராவும் சத்தம். நான் வரைந்த காட்சிக்கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள், பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. நவீன ஓவியங்களை மாட்டப்போகும் இடம் இப்போது தவளைகளுக்குத்தான் உதவுகிறது. கட்டி முடிக்கும் வரை இங்கேதான் இருப்பேன். அதற்குப் பிறகு எங்கே என்று யோசிக்கவில்லை.

இன்று காலை சைட் வாசலில் உன் பறவை வந்து நின்றது. ஏதோ கருவியை இறக்க வந்த பார்சல் வண்டி. மஞ்சள் வண்டியின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்குக் கருநீலப் பறவை. டிரைவர் கையெழுத்துக் கேட்டார். நான் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். "லோகோ நல்லாருக்கில்ல மேடம்? புதுசு," என்றார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறோம் என்று அந்த மனிதருக்கு என்ன தெரியும்.

போன மாதம் நம் ஊர் சிக்னலில் அதை முதன்முதலாகப் பார்த்தபோதும் இப்படித்தான் நின்றேன். பச்சை விழுந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். நம் வாலு போட்ட பறவை. ஆறு வயதில் அவள் போட்டு, பிரிட்ஜ் கதவில் நாம் காந்தம் வைத்து மாட்டிய பறவை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பிள்ளை திரும்பி வராமல் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் அவள் பறவை ஊரார் பார்சலைச் சுமக்கிறது. என்னிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டினவன் செய்த காரியத்தைச் சிக்னலில் நின்று தெரிந்துகொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிரிட்ஜில் இருந்த படத்தை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தேடி வீட்டைப் புரட்டாதே.

*

ஜூன் 13

மேஸ்திரிக்கு,

நீ ரப்பர் என்று கூப்பிடாவிட்டாலும் நான் மேஸ்திரி என்றுதான் எழுதுவேன். கட்டடக் கலையில் தங்கப் பதக்கம் வாங்கினவளை மேஸ்திரி என்று கூப்பிடும் உரிமையை அவ்வளவு சுலபமாக விட்டுத்தர முடியாது.

அம்மா இங்கேதான் இருக்கிறாள். "புருஷன நீ, வா, போன்னு கூப்பிடும்போதே நெனச்சேன்," என்று தினமும் ஒரு முறை சொல்கிறாள். சொல்லிவிட்டு உன் மேஜையைத் துடைத்து வைக்கிறாள். உன் பென்சில்களைச் சீவிக்கூட வைத்திருக்கிறாள். அவளை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த வேலையை நான் ஒப்புக்கொண்டபோது வாலு இருந்தாள். உனக்கு நினைவிருக்கும், பார்சல் கம்பெனி முதலாளி வீட்டுக்கே வந்திருந்தார், அவள் அவருடைய கைப்பையைத் திறந்து பார்த்துத் திட்டு வாங்கினாள். பிறகு அவள் போனாள். பிறகு நான் தாளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கோடு போட்டால் அது கோடாகவே கிடந்தது. எதுவாகவும் மாறவில்லை. வட்டம் போட்டால் வட்டம்.

கண்ணைத் திறந்து வைத்திருந்தால் யோசனை எங்கிருந்தும் வரும் என்று மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். திறந்துதான் வைத்திருந்தேன். பாலத்தின் அடியில் போய் நின்றேன். பழைய சினிமா போஸ்டர்களின் எழுத்தைப் பார்த்தேன். மூன்று பேரும் போனோமே, அந்த நவீன ஓவிய மியூசியத்துக்குத் தனியாகப் போய், அதே வெள்ளைத் துணியின் முன்னால் நின்றேன். பெரிய வெள்ளை, நடுவில் மூன்றே கறுப்புத் தீற்றல். "இவ்ளோதானா? இத நானே போடுவேன்," என்று அவள் சத்தமாகச் சொன்னதும், காவலாளி, "போட்டுக் கொண்டா பாப்பா, மாட்டிடலாம்," என்றதும், நீ என் பின்னால் முகத்தை மறைத்துச் சிரித்ததும்தான் ஞாபகம் வந்தது. லோகோ வரவில்லை.

ஒரு காலையில் டீக்குப் பால் எடுக்கப் போனேன். கதவில் அது இருந்தது. மியூசியத்திலிருந்து வந்த அன்றே, செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் படுத்துக்கொண்டு போட்டாளே. மூன்று தீற்றலில் உடம்பு, பிறகு கால்கள். "பறவைக்கு எதுக்குடி மூணு காலு?" என்று கேட்டேன். "ஒண்ணு நிக்க. ஒண்ணு நடக்க. ஒண்ணு சும்மா." "சும்மான்னா?" "சும்மான்னா சும்மாதாம்பா." என்னைப் போல மக்கு உலகத்தில் இல்லை என்கிற மாதிரி பார்த்தாள்.

அதன்மேல் டிரேசிங் பேப்பரை வைத்தேன். பல மாதங்களுக்குப் பிறகு என் கை ஒரு கோட்டை விரும்பிப் போட்டது. அவள் போட்ட கோடு ஊரெல்லாம் ஓடினால் அவளே ஓடுகிற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் வேண்டாம் என்பாய். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

எப்போது வருகிறாய்?

ரப்பர்

*

ஜூன் 22

உன் கடிதம் வந்தது. நன்றாகத்தான் எழுதுகிறாய். செருப்பைக் கழற்றாமல் படுத்ததைக்கூட எழுதியிருக்கிறாய், அதை நான் மறந்துபோயிருந்தேன். அதற்காக உன்மேல் இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது.

ஒண்ணு நிக்க, ஒண்ணு நடக்க, ஒண்ணு சும்மா என்று எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? உன் வண்டியில் இருக்கும் பறவைக்கு இரண்டு கால்தான் இருக்கிறது.

நான் மாடி ஜன்னலில் நின்று தினமும் பார்க்கிறேன். காலையில் ஒரு வண்டி, சாயங்காலம் ஒரு வண்டி. நிற்கிற கால் இருக்கிறது, நடக்கிற கால் இருக்கிறது. எடுத்தது அவள் சும்மா வைத்த காலை. அவளை எடுத்தாய் என்பதை ஒரு நாள் விட்டாலும் விடுவேன். எடுத்ததை முழுசாக எடுத்திருக்கலாம் அல்லவா? அவள் போட்டதில் இது கூடாது, இது தேவையில்லை என்று பார்த்துப் பார்த்து அழிக்க உனக்கு எப்படி மனசு வந்தது? அதற்குத்தான் உன்னை ரப்பர் என்று அன்றைக்கே கூப்பிட்டார்கள் போலிருக்கிறது.

ஏன் எடுத்தாய்? அதற்கு மட்டும் பதில் எழுது. அம்மா சீவிய பென்சிலைப் பற்றியெல்லாம் எழுதாதே.

*

ஜூலை 6

மேஸ்திரிக்கு,

கேட்டார்கள், எடுத்தேன். "பறவைக்கு ரெண்டு காலுதானே சார்? ஜனங்க சிரிப்பாங்க," என்றார் முதலாளி. வாடிக்கையாளர் சொன்னால் திருத்துவதுதானே என் தொழில். நீயும் மாடிப்படியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றியிருக்கிறாய். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

வேறு எதுவும் எழுதாதே என்றாய். இருந்தாலும் எழுதுகிறேன், இதை வேறு யாரிடம் சொல்வது? பறவைக்கு ஏதோ பரிசு கொடுத்தார்கள், அதை வைத்துப் போன வாரம் நாம் படித்த கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, 'யோசனை எங்கிருந்து பிறக்கிறது'. சிரிக்காதே. அந்தப் பறவையைத் திரையில் சுவர் அளவுக்குப் போட்டார்கள். ஒரு பையன் எழுந்து, "சார், இதுக்கு உந்துதல் எங்கேர்ந்து வந்தது?" என்றான். தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு, "வேகம். நம்பிக்கை. வெற்றிடத்தின் இயக்கம்," என்றேன். முன்வரிசை முழுவதும் அதைக் குறித்துக்கொண்டது. வெற்றிடத்தின் இயக்கம் என்றால் என்னவென்று எனக்கே தெரியாது, உனக்குத் தெரிந்தால் எழுது.

திரும்பி வரும்போது நாம் டீ குடிக்கும் கடை வழியாக வந்தேன். நிற்கவில்லை.

வீட்டில் இப்போது என்னிடம் இருப்பது அந்த இரண்டு கால் பறவைதான். ஒரிஜினலை நீ கொண்டுபோய்விட்டாய். மூன்றாவது கால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று நேற்று யோசித்துப் பார்த்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு வேறு வேலை ஓடவில்லை.

வந்துவிடேன்.

ரப்பர்

*

செப்டம்பர் 2

மேஸ்திரிக்கு,

நீ பதில் போடாமல் இரண்டு மாதம் ஆகிறது. நானும் இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நேற்று கட்டடக் கலைப் பத்திரிகையில் உன் காட்சிக்கூடத்தின் மாதிரியைப் போட்டிருந்தார்கள். அம்மாதான் முதலில் பார்த்துவிட்டு, "நம்ம வீட்ல செஞ்ச அட்ட வீடு மாதிரி இருக்கே," என்றாள்.

நம் வீட்டில் செய்ததுதான். சாப்பாட்டு மேஜையில் வைத்து நீ வெட்டினாய், நான் பசை போட்டேன், வாலு மிச்ச அட்டையில் மீசை செய்து ஒட்டிக்கொண்டாள். அதில் முன்கூரையைத் தாங்க இரண்டு தூண் இருந்தது. என் கையாலேயே நிறுத்திவைத்த தூண்கள், எனக்கு மறக்காது. இப்போது பத்திரிகையில் மூன்று இருக்கிறது.

மூன்றாவது கூரையைத் தொடவே இல்லை. மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றுவிடுகிறது. எதையும் தாங்கவில்லை. உன்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவனுக்கு இது தெரியாதா? கொஞ்சம் சாய்ந்தும் இருக்கிறது. இடது பக்கம். எனக்கு மறந்துபோன அதே பக்கம்.

'அந்தத் தூண் எதற்கு?' என்று பத்திரிகைக்காரர் கேட்டிருக்கிறார். நீ 'தாளம்' என்று சொல்லியிருக்கிறாய். நான் வெற்றிடத்தின் இயக்கம் என்றேன், நீ தாளம் என்கிறாய். நாம் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்தோம் என்பதில் சந்தேகமில்லை.

என்னை என்னவெல்லாம் சொன்னாய். அவளைத் திருடினாய், பார்சல் சுமக்க வைத்தாய் என்றாய். ஊருக்குத்தான் உபதேசமா? நான் வண்டியில் ஓட்டினேன். நீ காங்கிரீட்டில் நிறுத்துகிறாய். அவ்வளவுதான் வித்தியாசம். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உனக்கும் ஆடியிருக்கிறது. அதை ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ரப்பர்

*

செப்டம்பர் 9

உன் கற்பனைக்கு அளவே இல்லை. முன்கூரையின் நீளத்துக்கு இரண்டு தூண் மட்டும் இருந்தால் வாசல் வெறிச்சென்று இருக்கிறது. உள்ளே வருகிறவரின் கண்ணைத் தடுத்து நிறுத்த நடுவில் ஒன்று வேண்டும். மாலை வெயிலில் அந்த ஒரு சாண் இடைவெளி வழியாகத் தரையில் ஒரு வெளிச்சக் கீற்று விழும். அதற்குத்தான் வைத்தேன். எதைப் பார்த்தாலும் உனக்கு உன் வேலைக்குச் சாக்குத் தேடத் தோன்றுகிறது. உன் முதுகில் இருப்பதை என் முதுகில் ஏற்றாதே.

செப்டம்பர் 12

மேலே எழுதியதை அனுப்பாமல் மேஜையில் வைத்திருந்தேன். நேற்று ஒரிஜினலை எடுத்து வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. கம்பி வரவில்லை என்று சப்ளையரிடம் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், கையில் பென்சில். பேசி முடித்துக் குனிந்து பார்த்தால் மூன்றாவது தூண் இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். இந்த ஊருக்கு வந்த பிறகு எனக்கு எதுவும் நன்றாக இருப்பதாகத் தோன்றியதே இல்லை. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சரி, ஆடியிருக்கிறது. எழுதிவிட்டேன், போதுமா?

ஆனால் நீயும் நானும் ஒன்று அல்ல. நீ கேட்டவர்களுக்காக எடுத்தாய். நான் எடுக்க மாட்டேன். என் வாசலில் மூன்றும் நிற்கும், எவன் வந்து சொன்னாலும் நிற்கும். அது நின்றுவிட்டால் உன்னையும் மன்னித்துவிட முடியும் என்று தோன்றுகிறது. ஒரு இடத்திலாவது அவள் போட்டபடி இருக்கிறது என்று ஆகிவிடும். அப்போது வருகிறேன்.

மேஸ்திரி

*

நவம்பர் 18

ரப்பருக்கு,

தூண் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பி கட்டி, இடுப்பளவு காங்கிரீட் போட்டு முடித்திருந்தோம். திங்கட்கிழமை காட்சிக்கூடக் குழுவின் கூட்டம். தலைவர் வயதானவர், நல்ல மனிதர், ஓவியம் என்றால் உயிர். எனக்கு எதிரியாக ஒரு கொடுங்கோலன் கிடைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் பேசுகிறவர்.

இன்ஜினியர்தான் ஆரம்பித்தார். "அந்த நடுத் தூண் லோடு எதுவும் எடுக்கல சார். கூரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கூட்டம் வர்ற நேரத்துல வழியில வேற நிக்கும்."

தலைவர் என்னைப் பார்த்தார். "அது என்ன வேல செய்யுது மேடம்?"

"ஒரு வேலையும் செய்யல சார்."

"அப்புறம் எதுக்கு வெச்சீங்க?"

நான் தயாராகத்தான் போயிருந்தேன். தாளம், வெளிச்சம், வாசலின் அளவு எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஜினியர் ஒவ்வொன்றுக்கும் வேறு வழி காட்டினார், எல்லாம் சரியான வழி. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். கடைசியில் தலைவர் மேஜைமேல் சாய்ந்துகொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார். "நீங்க இவ்ளோ பிடிவாதமா இருக்கீங்கன்னா அதுக்குப் பின்னால ஏதோ கத இருக்கு மேடம். என்னன்னு சொல்லுங்க. எனக்குப் புரிஞ்சா போதும், இந்தத் தூணத் தொட விட மாட்டேன். வாசல்லயே ஒரு கல்லுல பொறிச்சு வெச்சிடலாம். வர்றவங்க படிப்பாங்க. ஜனங்களுக்குக் கத பிடிக்கும்."

அவ்வளவுதான். சொன்னால் தூண் நிற்கும். சொல்வதற்கு இரண்டு வாக்கியம் போதும். எனக்கு அந்தக் கல் தெரிந்தது. அதன்மேல் அவள் பெயர், வயது, அவள் சொன்ன மூன்று வார்த்தைகள், கீழே வருஷம். அதன் முன்னால் நின்று 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள். டிக்கெட்டின் பின்பக்கத்திலும் போடுவார்கள். போடாமல் இருப்பார்களா? நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

"சும்மாதான் சார்," என்றேன்.

"சும்மாவா?" அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அப்ப எடுத்துடலாமில்ல?"

"எடுத்துடலாம் சார்."

புதன்கிழமை எடுத்தார்கள். நான் வேறு எங்காவது போயிருக்கலாம், போகவில்லை. ஒருவர் கம்பியை மிஷின் வைத்து அறுத்தார், பொறி பறந்தது. "தள்ளி நில்லுங்க மேடம், கண்ணுல படும்," என்றார். மத்தியானத்துக்குள் இடித்து அள்ளிவிட்டார்கள். தரையைச் சமன் செய்து சிமென்ட் பூசிய பிறகு எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது சொல். உன் முதலாளியும் இதைத்தான் கேட்டாரா? ஜூலையில் எனக்கு எழுதினாயே, கேட்டார்கள் எடுத்தேன் என்று, அது முழுசாக அவ்வளவுதானா?

மேஸ்திரி

*

நவம்பர் 27

மேஸ்திரிக்கு,

அவ்வளவுதான் இல்லை.

அவரும் நல்ல மனிதர்தான். நான் டிரேஸ் செய்த படத்தைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். "கொழந்த கை மாதிரி இருக்கே சார். உங்க பொண்ணு போட்டதா? அன்னைக்கு என் பையத் தொறந்துச்சே, அந்தப் பாப்பாவா?" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. ஆமாம் என்றிருந்தால் அடுத்து, "பாப்பா எப்டி இருக்கு?" என்றுதான் கேட்பார். நான் பதில் சொல்ல வேண்டும். பிறகு அவர் விளம்பரத்தில் போடலாமா என்பார், என் தோளைத் தட்டுவார், தெரியும் உனக்கு.

"இல்ல சார், நான் போட்டதுதான்," என்றேன்.

அவர் நம்பவில்லை. "அப்ப இந்த மூணாவது காலு?" என்றார். "கை தவறி விழுந்த கோடு சார்," என்று சொல்லி, அவர் முன்னாலேயே அழித்தேன். காலை அழித்ததைத்தான் நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். அதற்கு முன்னால் நான் சொன்ன 'இல்ல சார்'தான் எனக்கு இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. பெற்ற பிள்ளையை ஒரு வாய்ச்சொல்லில் இல்லை என்றுவிட்டேன். அதை எப்படி உனக்கு எழுதுவது?

நீ கூட்டத்தில் இருந்ததைப் படித்தபோது, நான் பக்கத்து நாற்காலியில் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? பிஸ்கட்டைத் தின்றுகொண்டு சும்மா இருந்திருப்பேன். ஆனாலும் இருந்திருக்கலாம்.

இனிமேல் நீ என்மேல் கோபப்பட ஒன்றும் மிச்சமில்லை என்று நினைக்கிறேன். வந்துவிடு. அம்மா ஊருக்குக் கிளம்புகிறாள். "ரெண்டு பேரும் அழறதுன்னாலும் ஒரே வீட்ல உக்காந்து அழுங்க, தபால் செலவாவது மிச்சம்," என்கிறாள்.

ரப்பர்

*

பிப்ரவரி 10

ரப்பருக்கு,

திறப்பு விழாவுக்கு நீ வந்ததைப் பார்த்தேன். அழைப்பிதழ் அனுப்பியது நான்தான், ஆனால் வருவாய் என்று நினைக்கவில்லை. சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தாய். இளைத்திருக்கிறாய்.

எல்லோரும் வாசலைப் பார்த்துவிட்டு, எவ்வளவு லேசாக நிற்கிறது, இரண்டே தூணில் என்ன அழகு என்றார்கள். அழகாகத்தான் இருக்கிறது. பரிசுகூடக் கிடைக்கும் என்கிறார் தலைவர். உன் பறவைக்குக் கிடைத்த மாதிரி எனக்கும் கிடைக்கட்டும்.

நீ என்னைத் தேடினாய். நான் அலுவலக அறையின் கதவுக்குப் பின்னால், இடுக்கு வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்மேல் கோபம் இல்லை. உன் நவம்பர் கடிதத்தோடு அது போய்விட்டது, தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. வந்து பேசலாம் என்றுதான் கதவுப் பிடியில் கை வைத்தேன். அப்போது நீ மியூசியத்தில் பார்த்தது போன்ற ஒரு பெரிய வெள்ளை ஓவியத்தின் முன்னால் போய் நின்று முகத்தை நிமிர்த்தினாய். பக்கவாட்டில் உன் முகம். அவள் மூக்கு.

அவள் இருந்தவரைக்கும் அது அவள் மூக்காக இருந்தது. அப்பா மூக்கு என்று உன் அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். உன் முகத்தில் அதை நான் கவனித்ததே இல்லை. அன்றைக்கு வேறு எதுவும் தெரியவில்லை. கீழிருந்து மேலே ஒரு சின்ன எழும்பல், நுனியில் ஒரு மொட்டு. கதவிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

நான் வரவில்லை. கோபம் தீர்ந்தால் வந்துவிடலாம் என்று இத்தனை நாள் நானே நம்பிக்கொண்டிருந்தேன். கோபம் இருந்தவரைக்கும் உன்னைப் பார்க்க முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை, ஆனாலும் முடியவில்லை. தினமும் காலையில் எழுந்து அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்து, பேப்பரைப் பங்கு போட்டுப் படித்து, பாத்திரம் யார் கழுவுவது என்று சண்டை போட என்னால் ஆகாது. உன்மேல் ஒரு தப்பும் இல்லை. உன்னை மாதிரி ஒருவன் எனக்கு இனிக் கிடைக்கப்போவதும் இல்லை.

படத்தை இதோடு அனுப்புகிறேன். உன்னிடமே இருக்கட்டும். என்னிடம் இருந்தால் நான் இன்னும் எதையாவது கட்டிவிடுவேன், யாராவது காரணம் கேட்பார்கள். எனக்கு இங்கேயே வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள், ஒரு பேருந்து நிலையம்.

மாத்திரையை ஒழுங்காகப் போடு.

மேஸ்திரி

*

பிப்ரவரி 19

மேஸ்திரிக்கு,

படம் வந்து சேர்ந்தது. மடிக்காமல் அட்டை வைத்து அனுப்பியிருக்கிறாய், உன் வேலையில் குறை சொல்ல முடியாது. கால் இடது பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. பிரிட்ஜில் மாட்டவில்லை, உறையிலேயே வைத்திருக்கிறேன்.

உன் கட்டடம் நன்றாக இருக்கிறது. வாசலில் நின்று, எந்த இடமாக இருக்கும் என்று தரையைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் வந்தவர்கள், "போங்க சார்," என்றார்கள்.

நீ கதவுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியும். கதவுக்குக் கீழே உன் செருப்பு தெரிந்தது. வாசலுக்கு அவ்வளவு பாடுபட்டவள் கதவை இரண்டு அங்குலம் இறக்கிப் போட்டிருக்கலாம்.

மூக்கைப் பற்றி எழுதியிருந்தாய். உண்மைதான். சவரம் செய்யும்போது நானும் தினமும் பார்க்கிறேன். முதலில் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன், முகமெல்லாம் வெட்டிக்கொண்டேன், பிறகு பழகிவிட்டது. இப்போது சில நாள் வேண்டுமென்றே நின்று பார்க்கிறேன். வர முடியாது என்கிறாய், சரி. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரு என்று உன்னை நான் எப்படிக் கேட்பேன்? இனி வா என்று எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், உனக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன். அவளுக்குப் புருவம் உன்னுடையது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் ஒன்று மட்டும் மேலே ஏறுமே, உனக்கும் அப்படித்தான் ஏறும். கண்ணாடியில் மூக்கு இருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றாலும் புருவம் இல்லை. அதைப் பார்க்க எனக்கு உன்னை விட்டால் வேறு இடம் கிடையாது.

அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். கதவுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றேன். நீ திறக்கவில்லை.

ரப்பர்